பால்கனியில் தக்காளி: திருவனந்தபுரத்தில் செடி ஒரே இரவில் வாடுவது ஏன்? காப்பாற்ற என்ன வழி?

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் பேருந்து நிலையம், சுற்றிலும் லாட்ஜுகள், கடைகள், அவற்றின் மாடியில் வீடுகள். முற்றம், கொல்லைப்புறம் என்பதெல்லாம் இந்தப் பகுதியில் அபூர்வம். பலருக்கும் இருப்பது நாலடி பால்கனியோ, மற்றவர்களுடன் பங்கு போடும் மொட்டை மாடியோதான்.

இந்த இடத்தில் தக்காளி வருமா என்றால், வரும். இடம் குறைவாக இருப்பது பெரிய சிக்கலே இல்லை. கேரளாவில் தக்காளிக்குப் பெரிய எதிரிகள் மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவும், விடாமல் பெய்யும் மழையும்தான். பையில் செடி வளர்ப்பவருக்கு இந்த இரண்டையும் கட்டுப்படுத்துவது, தோட்டம் வைத்திருப்பவரைவிடச் சுலபம்.

வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும்?

கேரளாவுக்குத் தேவையான தக்காளியில் பெரும்பகுதி தமிழ்நாடு, கர்நாடகாவிலிருந்து லாரியில் வருகிறது. அங்கே மழையோ நோயோ வந்தால் இங்கே சாலை மார்க்கெட்டில் விலை ஏறிவிடும். 2023 ஜூலையில் நாடு முழுவதும் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, மத்திய அரசே கொள்முதல் செய்து டெல்லி உள்ளிட்ட நகரங்களில் கிலோ 90 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது.

ஆனால், நாலு பை தக்காளி உங்கள் வீட்டுச் செலவைக் குறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். பை, உரம், விதை எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கணக்கு சரிக்குச் சரியாக வந்தாலே பெரிது. கிடைக்கும் லாபம் வேறு: செடியிலேயே பழுத்த பழம், அதில் என்ன மருந்து தெளித்தோம் என்று நமக்கே தெரியும் நிம்மதி.

'நேற்று நல்லாதானே இருந்துச்சு?'

கேரளாவில் தக்காளி வைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. இலை பச்சையாகவே இருக்கும், மஞ்சள்கூட ஆகாது. பூ விடும் நேரத்தில் செடி திடீரெனத் தலை தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். இரண்டு மூன்று நாளில் செடி போய்விடும்.

இதற்குப் பெயர் பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சோலனாசியாரம் என்ற பாக்டீரியா வேர் வழியாகப் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த, புளிப்புத் தன்மையுள்ள மண் இதற்குத் தோதானது. கேரளாவின் வெட்டுக்கல் மண் அப்படிப்பட்டதுதான். கத்தரி, மிளகாய், இஞ்சி ஆகியவற்றையும் இந்தப் பாக்டீரியா தாக்கும். மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இந்த நோய்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கத்தில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை நனையும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். இழை இறங்காவிட்டால் வேர் அழுகலா, தண்ணீர்க் குறைவா என்று பாருங்கள்.

வந்துவிட்டால் மருந்து கிடையாது. செடியை மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணை வேறு பையில் கொட்டாதீர்கள். வெட்டிய கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எந்த ரகம் வாங்கலாம்?

இங்கேதான் பாதி வெற்றி இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாடல் நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்கியிருக்கிறது. சக்தி, முக்தி, அனகா, மனுலட்சுமி, மனுபிரபா ஆகியவை அவற்றில் சில. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் வெள்ளாயணி விஜய் இந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே உருவான ரகம்.

பெங்களூருவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், வாடல், இலைச்சுருட்டு, இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். ஆனால் கலப்பினத்தின் பழத்திலிருந்து விதை எடுத்தால் அடுத்த செடி அதேபோல வராது. சக்தி, அனகா போன்றவற்றில் விதை எடுத்து வைக்கலாம்.

நாகர்கோவில் பக்கம் போகும்போது விதை வாங்கி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 தமிழ்நாட்டில் பெயர் பெற்ற ரகம். தூரத்துக்கு லாரியில் அனுப்ப ஏற்றது என்பது அதன் பலம். வாடல் நோய்க்காக உருவாக்கப்பட்டது அல்ல. கடையில் வாங்கிய பழத்தின் விதைக்கும் இந்த நோயைத் தாங்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. வாடலைத் தாங்கும் கத்தரி அல்லது சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று. இதை நடும்போது ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண்ணில் புதைந்தால் தக்காளித் தண்டிலேயே வேர் விட்டு, நோய் உள்ளே போய்விடும்.

பை, மண் எப்படித் தயார் செய்வது?

ஒரு செடிக்கு ஒரு பை. குறைந்தது 15 லிட்டர் கொள்ளளவு வேண்டும். சின்னத் தொட்டியில் வைத்தால் மதியத்துக்குள் மண் காய்ந்துவிடும்.

மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்கவும். மண்ணில் மட்டும் பைக்கு ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் முதலிலேயே கலந்து, ஈரமாக்கி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். புளிப்பு குறையும், செடிக்குக் கால்சியமும் கிடைக்கும். அதற்குப் பிறகே உரத்தைச் சேர்க்கவும். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த இடத்து மண் வேண்டாம்.

நடுவதற்கு முன், ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்து நாற்றின் வேரை 20 நிமிடம் நனைத்து எடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே கரைசலை வேரில் ஊற்றலாம்.

பையை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைக்கவும். நனைந்த பை 20 கிலோவுக்குக் குறையாது. பழைய கட்டடத்தின் பால்கனி என்றால் எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரோரம் அடுக்காமல், வீட்டுச் சுவர்ப் பக்கம் வைப்பது நல்லது. அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையாவது தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

எப்போது நட வேண்டும்?

திருவனந்தபுரத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் எடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். தாழ்வான தம்பானூரில் பெருமழை என்றாலே தண்ணீர் தேங்கும். அதற்காகவே 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது.

செப்டம்பர் கடைசியில் விதை போட்டு, நாற்றைக் கூரைக்குக் கீழே வளர்த்து, 25 முதல் 30 நாளில் பைக்கு மாற்றுங்கள். மழை ஓயும் டிசம்பரில் பூ வரும். ஜனவரி முதல் பழம் பறிக்கலாம். மொட்டை மாடி என்றால் மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட் கட்டலாம். கேரளாவில் இதை 'மழமற' என்பார்கள். பக்கங்களைத் திறந்தே விடவும்.

தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். எதிரே உயரமான கட்டடம் நின்று மூன்று மணி நேரம்தான் வெயில் வருகிறதா? அங்கே கீரை வையுங்கள், தக்காளி வேண்டாம்.

பூ வருகிறது, காய் பிடிக்கவில்லையே?

தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி இருப்பது நல்லது. திருவனந்தபுரத்தில் டிசம்பர், ஜனவரியில்கூட இரவு 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. கூடவே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். அவ்வளவுதான் வேலை.

காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது பூச்சி இல்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றுவதால், கால்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் வருவது. தினமும் காலையில் ஒரே அளவு தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால், வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கிவிடவும். மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்ப எண்ணெய் 20 மில்லி, அரைத்து வடிகட்டிய பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

அர்கா ரக்ஷக் வயலில் ஒரு செடிக்கு 19 கிலோ வரை காய்த்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. பால்கனிப் பையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு செடிக்கு ஒன்றிரண்டு கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

முதல் முறை என்றால் இரண்டு பை போதும், இரண்டு வேறு ரகமாக வையுங்கள். ஒன்று வாடினாலும் இன்னொன்று நிற்கும். உங்கள் பால்கனிக்கு எது சரி என்றும் தெரிந்துவிடும். விதை, நாற்று பற்றி உங்கள் பகுதி கிருஷி பவனில் கேட்கலாம். கேட்கும்போது 'தக்காளி விதை' என்று மட்டும் சொல்லாமல், வாடல் நோயைத் தாங்கும் ரகம் வேண்டும் என்று கேளுங்கள். அறுவடை முடிந்த பையில் அடுத்து வெண்டை, பயறு, கீரை வையுங்கள். அதே மண்ணில் உடனே மறுபடியும் தக்காளி வேண்டாம்.