அலெக்சாண்டர் ரீட்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அதிகாரி. சேலம், பாராமகால் சீமைகளின் முதல் கலெக்டர் (1792–1799). ரயத்துவாரி நிலவரி முறை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது தாமஸ் மன்றோவின் பெயர். அந்த மன்றோ வரி வேலை பழகியது ரீட்டிடம்தான்.

இன்று மேட்டூர் அணை மறித்து நிற்கும் காவிரி, அன்று இரண்டு ராஜ்யங்களுக்கு எல்லை. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்தவற்றில் கிழக்குக் கரைச் சேலமும் ஒன்று. எதிர்க்கரைக் காவேரிபுரம் 1799 வரை மைசூர் வசமே இருந்தது.

புதுச் சீமையில் வரி தண்ட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிவில் உத்தியோகஸ்தர்களை அனுப்பவில்லை. உள்ளூர் மொழி அறிந்தவர்கள் அவர்களில் குறைவு. திப்புவுடனான போரில் உளவு திரட்டிய கேப்டன் ரீட்டை அமர்த்தினார். உதவிக்கு வந்த மன்றோ, மக்ளியோட், கிரஹாம் மூவரும் பட்டாளத்தார்.

நால்வரும் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள், மண்ணைத் தரம் பிரித்தார்கள். ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ குறுக்கே இல்லாமல், உழுபவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி ஏற்பாடு இப்படித்தான் உருவானது. ரீட்டுக்கு முதலில் பல ஆண்டுக் குத்தகையில்தான் நாட்டம். 1796 டிசம்பரில் அவர் விட்ட அறிவிப்பு வேறு வழி திறந்தது: கட்டுப்படியாகாத வயலைக் குடியானவர் ஆண்டு முடிவில் விட்டுவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதித்த தீர்வையோ கனம். மழையை நம்பிய புன்செய்க்காரருக்கு அது பெரும் பாரம்.

1799இல் மறுபடி மைசூர்ப் போர். ரீட் படையோடு போனார். காவேரிபுரம் கணவாய் வழியாகத் தானியத்தைச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசேர்த்ததில் அவர் படைக்குப் பங்குண்டு.

அவர் போனபின் கம்பெனி மனம் மாறியது. நிலத்தை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாக வெட்டி ஏலம் விட்டது. தவணை கட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் நொடித்தார்கள். அந்த மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. 1820இல் மன்றோ சென்னை கவர்னரானதும் ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையானது. பேரும் அவருக்கே போனது. சென்னையில் குதிரைமேல் சிலையாக அமர்ந்திருப்பவரும் அவர்தான்.

ரயத்துவாரி வழியில் நிலக்கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி மேட்டூர் தாலுகா அலுவலகத்தில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.