விடிய விடியப் பாடிய கானா

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, தொண்டியார்பேட்டைக்கும் இராயபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், இராமநாதபுரச் சீமையின் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்து மறைந்த மஸ்தான் சாகிபு அடங்கியிருக்கிறார். வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டான கானாவுக்கு மூலம் தேடுகிறவர்கள் சித்தர் பாடல்களையும் மஸ்தான் சாகிபுவையும் சுட்டுவது வழக்கம். சரீரத்தின் அநித்தியத்தைப் பாடிய இரு மகான்களை ஒரே கடலோரத்தில் வைத்துக்கொண்டிருக்கும் மக்கள், தங்கள் வீட்டுச் சாவையும் பாட்டாலேயே எதிர்கொண்டார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

அந்த மக்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. பின்னர்த் துறைமுகம் எழுந்தது. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் மோட்டார் தொழிற்சாலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் அனல்மின் நிலையமும் அடுத்தடுத்து வந்தன. மூட்டை சுமக்கவும் கரி அள்ளவும் தறி ஓட்டவும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். கடலை நம்பிய மீனவர்கள் அவர்களுக்கு முன்பே அங்கிருந்தவர்கள். கோயில் சங்கீதமோ சபா சங்கீதமோ இவர்கள் வாசலுக்கு வந்ததில்லை. ஆகவே தமக்கு வேண்டிய சங்கீதத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் மரண கானாவின் நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. பொழுது சாய்ந்தபின் ஒருவர் இறந்துபோனால், உறவினர் வந்து சேரும்வரை, விடியும்வரை, பிணத்தைத் தனியே விடாமல் ஊரார் விழித்திருக்கவேண்டும். வாசலில் சாமியானா போட்டு, பாடகரை அழைத்து, டோலக்கோ சட்டியோ, அவையும் இல்லாவிடில் மேஜையின் பலகையோ தாளமாக, இரவு எவ்வளவு நீளமோ பாட்டும் அவ்வளவு நீளமாக நடந்தது. பாடகர் வந்ததும் வீட்டாரிடம் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் மக்கள் பெயரையும் விசாரித்து அறிந்து, எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றில், பெரும்பாலும் சினிமா மெட்டில், அவற்றை அந்த இடத்திலேயே கோத்துப் பாடுவார். நடுவே மண்ணின் நிலையாமையையும் உறவின் பொய்ம்மையையும் சொல்லி, மறுபடியும் அந்தப் பெயருக்கே திரும்புவார். துறைமுகத்தில் நாற்பதாண்டு மூட்டை சுமந்த ஒருவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியிராது. அவருக்கென்று இயற்றப்பட்ட ஒரே காவியம் அந்த ஓர் இரவில் பிறந்து, விடியற்காலையில் எழுதப்படாமலே கரைந்துபோனது. மாரடித்து ஒப்பாரி வைப்பது பெண்களின் பொறுப்பாகவும், பந்தலில் கானா பாடுவது ஆண்களின் உரிமையாகவும் இருந்ததென்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நீண்ட சங்கீதம் சுருங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மணிக்கணக்கில் ஒரே பல்லவியை விரித்துப் பாடிய பழைய கச்சேரி முறையை மாற்றி, சிறு கீர்த்தனங்கள் பலவற்றை அடுக்கி இரண்டரை, மூன்று மணியில் கச்சேரியை முடிக்கும் வழியை அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைநாட்டினார். கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலேதான் இடமிருந்தது என்பதும் வித்துவான்களின் குரலுக்கு ஒரு வரம்பு கட்டியது. மேனாட்டிலும் இவ்விதமே நிகழ்ந்தது. 1972இல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்த ‘யெஸ்’ என்னும் ஆங்கிலேயப் புரோகிரஸிவ் ராக் குழு, 1983இல் நியூ வேவ் காலத்து ரசனைக்கு இசைந்து வெளியிட்ட நாலரை நிமிஷப் பாட்டொன்றினால் 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்தது. 1974இல் கலைந்த ‘கிங் கிரிம்சன்’ 1981இல் மீண்டும் கூடியபோது, முன்னைய பிரம்மாண்டத்தை விட்டு, இறுக்கமான தாளக் கட்டோடு வேறொரு குழுவாகவே வந்து நின்றது. பழைய ரசிகர்கள் இதைத் துரோகம் என்றார்கள்; புதிய ரசிகர்கள் வரவேற்றார்கள். பாட்டு குறுகும்போது அதிலிருந்து எது வெளியே தள்ளப்படுகிறது என்பதையே நான் கேட்க விரும்புகிறேன்.

கானா சினிமாவுக்குள் போனபோது வெளியே தள்ளப்பட்டது இறந்தவரின் பெயர். தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையில் பிரசித்தமாக்கினார், 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்துக்காகக் கானா உலகநாதன் பாடிய மீன்களின் கல்யாணப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது, 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடினார். இவர்கள் குரலால் வடசென்னையின் பேச்சு தமிழ்நாட்டின் செவிக்கு இனிமையாயிற்று. அது சிறிய காரியமன்று. ஆயினும் நான்கு நிமிஷத்துக்குள் அடங்கவேண்டிய பாட்டில் காதல் தோல்விக்கும் கேலிக்கும் இடம் கிடைத்த அளவு சாவுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ‘குரங்கன்’ என்ற சென்னைக் குழுவில் ராக் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்த இருவர், கபேர் வாசுகியும் டென்மாவும், வெவ்வேறு வழியாக இந்தக் கடலோரத்தை வந்தடைந்தார்கள். சாம்பல் கொட்டித் தூர்ந்துபோகும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிச் சென்னைப் பேச்சுத் தமிழில் கபேர் வாசுகி எழுதிய பாட்டை, 2017 ஜனவரியில், கர்நாடக சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடினார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னணியில் நிற்க, அந்தக் கழிமுகத்திலேயே அது படமாக்கப்பட்டது. சுத்த சம்பிரதாயத்தில் வளர்ந்த குரல், அந்தச் சம்பிரதாயம் காலடி வைக்காத சேற்றில் நின்று பாடியது.

டென்மாவோ இயக்குநர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவை அமைத்தார். சாதிபேதமற்ற தமிழரைப் பற்றி அயோத்திதாசப் பண்டிதர் கொண்டிருந்த சிந்தனையிலிருந்து பெயர் பெற்ற அக்குழுவின் பத்தொன்பது பேர், 2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறினார்கள். எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் ராப்பும் ஒருபுறம். பறையும் சட்டியும் கட்ட மோளமும் கானாவும் மறுபுறம். பாட்டுகள் இங்கும் குறுகியவையே. ஆனால் சினிமா தள்ளிவிட்ட பொருளை இவர்கள் மீட்டுக்கொண்டார்கள்: இடஒதுக்கீடும் அம்பேத்கரும் சாதியின் பெயரால் நிகழும் கொலையும் வடசென்னையின் மீது நகரம் சுமத்திய பழியும் பாடப்பட்டன. ஓர் இரவில் ஒருவருக்காகப் பாடிய துக்கம், இப்போது ஒரு சமுதாயத்துக்காகப் பாடப்பட்டது. மரண கானாவின் நேர் வாரிசாக நான் இந்தக் குழுவையே கருதுகிறேன். கிதார் இருப்பதனால் அந்த உரிமை குறைந்துவிடவில்லை.

இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி அந்த மேடையில் பாடியதை இவ்வரலாற்றின் பெரிய முறிவாக எண்ணுகிறேன். ஒப்பாரியோடு நிறுத்தப்பட்டிருந்த பெண்குரல், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட கானாவைத் தன் உரிமையாக எடுத்துக்கொண்டது. 2020இல் உலகப் பெண்கள் நூறு பேரின் வரிசையில் பிபிசி அவரைச் சேர்த்தது.

காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் சாவு வீட்டுப் பந்தல்களில் நீண்ட கானா இன்னும் பாடப்படுகிறது. மேடைக்கு வந்த பாட்டுகள் ஒலிப்பதிவாகிவிட்டன. விடிய விடியப் பாடப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வீட்டாரின் சம்மதம் பெற்று, மூத்த பாடகர்களுக்கு உரிய சன்மானமும் தந்து, ஓர் இரவுக் கானாவைத் தொடக்கம் முதல் முடிவுவரை, வெட்டாமல் பதிவு செய்யும் பணியை நம் பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகள், அந்தப் பாடகர்கள் நம்மிடையே இருக்கும்போதே மேற்கொள்ளவேண்டும்.