ஆற்றில் இட்ட சோறும் இறப்பருக்கு வந்த அரிசியும்

நாட்டார் கதையில் வரும் ஓர் உணவைச் சமைப்பவர், அக்கதையைக் காப்பவரும் ஆகிறார். சீனரின் ‘சோங்சி’ இதற்கு நல்ல சான்று.

பண்டைய சீனக் கவிஞரும் அமைச்சருமான சூ யுவான், தம் நாட்டின் தலைநகர் வீழ்ந்த துயரில் கி.மு. 278இல் மீலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்நீத்தார் என்பது மரபு. அவருக்காக மக்கள் ஆற்றில் சோறு இட்டனர். அதை நாகம் கவர்ந்துகொள்கிறது என்று அவருடைய ஆவி முறையிடவே, இலையில் பொதிந்து வண்ண நூலால் கட்டி இட்டனராம். இன்றும் ஐந்தாம் சந்திர மாதத்தின் ஐந்தாம் நாளில், ஊறவைத்த பசையரிசியை மூங்கிலிலையில் பொதிந்து, கட்டி, நெடுநேரம் அவித்து உண்கின்றனர்.

ஊவா மக்களுக்கு இப்பக்குவம் அந்நியமானதன்று. குரக்கன் மாவையும் தேங்காய்ப்பூவையும் பாணியில் குழைத்து, கெந்த இலையில் மடித்து அவிக்கும் ‘ஹலப்ப’ இங்கே எல்லோரும் அறிந்த பண்டம்.

ஆனால் சீன அரிசி இங்கு வந்த வரலாறு வேறு. கொரிய யுத்த காலத்தில் உலகச் சந்தையில் அரிசி அருகியது. இறப்பர் விலையும் சரிந்தது. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங்கில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். சீனா 270,000 தொன் அரிசி தரும்.

மொனராகலை அப்போது பதுளை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கும் தோட்டத் தொழிலாளர் விடியலில் இறப்பர்ப் பால் வெட்டினர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்திருந்தன. அரிசிக்கு ஈடான பொருளைத் தந்தவர்களுக்கு, அரிசியின் விலையைத் தீர்மானிக்கும் அரசைத் தெரிவு செய்யும் உரிமை இருக்கவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12இல் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இவ்வொப்பந்தம் பற்றிய கட்டுரைகள் பலவற்றைப் பத்திரிகைத் தொழிலில் படித்திருக்கிறேன். அமைச்சர்களின் பெயர்கள் தவறாமல் வரும்; பால் வெட்டியவர்களைத் தேடித்தான் காணவேண்டும்.

மொனராகலையில் யாரேனும் சோங்சி சமைக்க விரும்பினால், மூங்கிலிலைக்குப் பதிலாக வாழையிலையே போதும். அதை உண்ணும் பிள்ளைகளுக்குச் சூ யுவானின் கதையோடு 1952இன் கதையையும் சொல்லுங்கள். அதை நினைவூட்டும் பண்டம் எதுவும் நம்மிடம் இல்லை.