மைனஸ் 7, மைனஸ் 3... எது பெரிய எண்? ஆறாம் வகுப்புக் கணக்கும் உங்க போன் மேப்பும்!

7 பெரிசா, 3 பெரிசா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பட்டென்று சொல்லிவிடும். இரண்டுக்கும் முன்னால் ஒரு மைனஸ் போட்டுக் கேட்டுப் பாருங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கும். சில வீடுகளில் அப்பா அம்மாவும் யோசிப்பார்கள்.

இங்கே தடுமாறினால் அது இந்தப் பாடத்தோடு நிற்காது. அடுத்து வரும் இயற்கணிதம், சமன்பாடு, வரைபடம் எல்லாமே இந்த மைனஸ் மேலதான் நிற்குது. 'எனக்கு மேத்ஸ் வராது' என்று பிள்ளைகள் முடிவு கட்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

முழுக்கள் என்றால் என்ன?

1, 2, 3 என்ற எண்கள், பூஜ்ஜியம், அப்புறம் -1, -2, -3 என்று பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கம் போகும் எண்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் முழுக்கள். அரை, கால், தசமப் புள்ளிக்கு இங்கே இடமில்லை. எண்கோட்டில் பூஜ்ஜியத்துக்கு வலது பக்கம் மிகை முழுக்கள், இடது பக்கம் குறை முழுக்கள். பூஜ்ஜியம் எந்தப் பக்கமும் சேராது.

வலது பக்கம் போகப் போக மதிப்பு கூடும். குளிர்காலச் செய்திகளில் காஷ்மீரில் மைனஸ் 7 டிகிரி, மைனஸ் 3 டிகிரி என்று கேட்டிருப்பீங்க. இதில் எங்கே குளிர் கம்மி? மைனஸ் 3-ல்தான். அதனால் -3தான் பெரிய எண். அதாவது மைனஸ் என்பது ஒரு திசைக் குறி. 'பூஜ்ஜியத்திலிருந்து எதிர்ப்பக்கம் நட' என்கிறது, அவ்வளவுதான்.

'மைனஸும் மைனஸும் பிளஸ்'... எப்போது?

பிள்ளைகள் மார்க்கை விடும் இடம் இதுதான். -3 - 4 எவ்வளவு? 'மைனஸும் மைனஸும் பிளஸ் சார், அதனால 7' என்று பதில் வரும். தப்பு. கடைக்காரருக்கு ஏற்கெனவே 3 ரூபாய் கடன். மேலும் 4 ரூபாய்க்குக் கடன் வாங்குறீங்க. மொத்தக் கடன் 7 ரூபாய். விடை -7. கடன் மேல் கடன் வாங்கி யாராவது பணக்காரர் ஆக முடியுமா?

அந்த வாய்ப்பாட்டு விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. ஏன் அப்படி? தினமும் உங்க பர்ஸிலிருந்து 50 ரூபாய் செலவாகுதுன்னு வைங்க. ஒரு நாள் மாற்றம் -50. மூன்று நாள் கழித்து 3 × (-50), அதாவது இப்போதைவிட 150 ரூபாய் குறைவு. சரி, மூன்று நாளைக்கு முன்னாடி? காலத்தில் பின்னால் போகிறோம், அது -3. அன்னைக்குப் பர்ஸில் 150 ரூபாய் அதிகமாகத்தானே இருந்திருக்கும்? அதுதான் (-3) × (-50) = +150. திசை இரண்டு முறை திரும்பினால் பழைய பக்கத்துக்கே வந்துவிடுகிறோம்.

இது புதுசா வந்த விஷயமும் இல்லை. கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர், சொத்து, கடன் என்று பெயர் வைத்தே இந்த விதிகளை எழுதிவிட்டார்.

இரண்டு எண்கோடுகள் குறுக்கே போனால்...

படுத்திருக்கும் எண்கோட்டின் பூஜ்ஜியத்தில், இன்னொரு எண்கோட்டைச் செங்குத்தாக வைங்க. அதுதான் கார்ட்டீசியன் தளம். பிரெஞ்சு அறிஞர் டெகார்ட்டின் பெயரால் வந்தது, அவரது வடிவியல் நூல் வெளியான ஆண்டு 1637. படுத்திருப்பது எக்ஸ் அச்சு, நிற்பது ஒய் அச்சு, சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி.

இதற்கு நல்ல உதாரணம் உங்க போன் மேப். பூமத்திய ரேகையை எக்ஸ் அச்சாகவும், கிரீன்விச் வழியே போகும் கோட்டை ஒய் அச்சாகவும் நினைச்சுக்கோங்க. கிழக்கும் வடக்கும் பிளஸ், மேற்கும் தெற்கும் மைனஸ். பூமி உருண்டைதான், ஆனால் தட்டையாக விரித்த மேப்புக்கு இது சரியாகவே பொருந்தும். ஆதிப்புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், நடுக்கடலில் இருக்கு.

தசமத்தை விட்டுவிட்டு எழுதினால் சென்னை (80, 13). இரண்டும் பிளஸ், முதல் கால்பகுதி. நியூயார்க் (-74, 41), இரண்டாவது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ (-43, -23), மூன்றாவது. ஆஸ்திரேலியாவின் சிட்னி (151, -34), நான்காவது. கால்பகுதிகளை இப்படிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் எண்ண வேண்டும். அச்சின் மேலேயே விழும் புள்ளி, உதாரணமாக (0, 5), எந்தக் கால்பகுதியிலும் சேராது.

வரிசை ரொம்ப முக்கியம். சென்னையை (13, 80) என்று மாற்றி எழுதினால், நீங்க நிற்பது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் கடலில்! இங்கே ஒரு குழப்பமும் இருக்கு. பள்ளியில் எக்ஸ் முதலில். மேப்பில் அட்சரேகை, அதாவது வடக்கு தெற்கு, முதலில் வரும். அதனால் போனில் தேடும்போது சென்னைக்கு 13, 80 என்றுதான் போடணும்.

இன்னைக்கு ராத்திரி ஹோம்வொர்க் நேரத்தில் பிள்ளையிடம் போனைக் கொடுத்து மேப்பில் -34, 151 என்று தேடச் சொல்லுங்க. சிட்னி வரும். அடுத்து அந்த மைனஸை மட்டும் எடுத்துட்டுத் தேடச் சொல்லுங்க. ஜப்பானுக்குக் கிழக்கே, பசிபிக் கடல் வரும்.