உப்புக்கு ஊர் எது?

"கவிதையும் மலரும் நினைவுகளும் நிறைய வந்தாச்சு, நீ ஏதாவது உருப்படியா சயின்ஸ் எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். மேட்டூரில் குப்பை கொட்டுகிறவனுக்கு உப்பை விட்டால் வேறு என்ன தெரியும்? 1934-ல் அணை முடிந்து, அதன் தண்ணீரில் மின்சாரமும் வந்தபிறகு, இந்த ஊர் ரசாயன ஊராகவும் ஆகிவிட்டது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் சோடா. நம் உப்புக்கு ஊர் தெரியும். வேதாரண்யம், தூத்துக்குடி என்று உப்பளத்தைக் கை காட்டிவிடலாம். கடலே இல்லாத பாலைவனத்தில் கிடக்கிற உப்புக்கு ஊர் எது? இதற்கு விடை தேடிய கதை நூறு வருஷத்துக் கதை.

சாம்பார் ஏரி

பெயரைக் கேட்டதும் ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே இருக்கும் பெரிய உப்பு ஏரி இது. கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பரவும், கோடையில் வற்றி உப்பு பூக்கும். 1870-ல் ஜெய்ப்பூர், ஜோத்பூர் மன்னர்களிடமிருந்து ஆங்கிலேயர் இதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். உப்பு வரியில் கொழுத்த அரசாங்கம் அது. எடுக்க எடுக்க உப்பு வந்துகொண்டே இருக்குமா, இல்லை ஒருநாள் தீர்ந்து போகுமா? இது அவர்களுக்கு வெறும் படிப்பாளிக் கேள்வி இல்லை, கஜானாக் கேள்வி.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்தும் கிறிஸ்டியும் 1908 கோடையில் காற்றையே அளந்து பார்த்தார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்று, கட்ச் ரண் பகுதியின் உப்புத் தூளை வாரிக்கொண்டு வருகிறது என்பது அவர்கள் கட்சி. ஒரே கோடையில் சுமார் 1,30,000 டன் உப்பு ராஜபுதனத்துக்குள் வருவதாக 1909-ல் கணக்குச் சொன்னார்கள். அது சரியென்றால் ஏரி ஒரு அட்சய பாத்திரம்!

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பழங்காலக் கடலின் மிச்சம் என்றது ஒரு கட்சி. ஆரவல்லிப் பாறைகள் சிதைந்து ஆற்றோடு வந்தது என்றது இன்னொரு கட்சி. வேதியியலும் இடைஞ்சல் செய்தது. கடல்நீரில் மெக்னீசியம் தாராளமாக உண்டு. சாம்பார் ஏரி உப்புநீரிலோ அது மிகக் குறைவு. அதற்குப் பதிலாக சோடாவும் சல்பேட்டும். கடலிலிருந்து வந்ததென்றால் மெக்னீசியம் வழியில் எங்கே இறங்கிப் போனது?

எடை போட்டுப் பார்த்தார்கள்

இங்கேதான் ஐசோடோப்பு வருகிறது. ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை 16. ஏறக்குறைய 500-க்கு ஒன்று 18. குணம் ஒன்றுதான், ஆள் மட்டும் கொஞ்சம் கனம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது லேசான ஆட்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள், கனமானவர்கள் பின்தங்குவார்கள். அதனால் கடல்நீர், மழைநீர், வற்றிய நீர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைரேகை.

ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் ஆர். ரமேஷ் (தமிழ்நாட்டில் பிறந்தவர்) தம் சகாக்களுடன் ராஜஸ்தான், குஜராத் உப்பு ஏரிகளின் தண்ணீரை இப்படிச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டார். ராஜஸ்தான் ஏரிகளில் இருப்பது மழைத் தண்ணீர்தான், பழைய கடல் தண்ணீர் இல்லை.

அப்போ கேஸ் முடிஞ்சுதா? இல்லை. தண்ணீர் லாரி, உப்பு சரக்கு. லாரி நம்பரைப் பார்த்து, சரக்கு எங்கே ஏற்றியது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு உப்போடு வரும் கந்தகத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் விசாரிக்க வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் இன்றைய கடல் எங்கும் சுமார் 0.709. ருபீடியம் மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம் 87 ஆவதால், பழைய கிரானைட் வகைப் பாறைகளில் அது பெரும்பாலும் அதிகம். பின்னால் வந்த ஆய்வுகள் ஆரவல்லிப் பாறைச் சிதைவுக்கும், படுகை உப்பே ஆண்டுதோறும் கரைந்து மறுபடி படிவதற்கும் கூடுதல் இடம் கொடுத்தன. அட்சய பாத்திரக் கணக்கை நம்பி இன்று கண்டபடி ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்ச முடியாது. இருப்பு பழசு, வரவு கொஞ்சம்.

சிலியின் வெடியுப்பு

தென் அமெரிக்காவின் அடகாமா பாலைவனத்தில் நைட்ரேட் உப்பு மலிந்து கிடக்கிறது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அதுவே ஆதாரமாக இருந்த காலத்தில், 1879-ல் சிலி, பெரு, பொலிவியா மூன்றும் போரில் இறங்கின. அதில் அந்தப் பூமிக்கும் பங்கு உண்டு. 1913-ல் ஜெர்மனியில் காற்றிலிருந்து அமோனியா செய்யும் ஆலை வந்தபிறகுதான் மவுசு குறைய ஆரம்பித்தது. ஆனால் அந்த உப்பு எப்படி வந்தது? கடற்பாசி, பறவை எச்சம், எரிமலை, மின்னல் என்று ஆளுக்கொரு கதை.

விடை ஆக்சிஜன் 17-ல் இருந்தது. ஓசோன் உண்டாகும்போது வழக்கமான எடைக் கணக்குக்கு அடங்காமல் கன ஆக்சிஜன் சேர்கிறது என்று தீமன்ஸும் ஹைடன்ரைக்கும் 1983-ல் காட்டினார்கள். வானில் ஓசோன் தொட்ட நைட்ரேட்டில் அந்த முத்திரை விழும். மண்ணில் பாக்டீரியா செய்யும் நைட்ரேட்டில் விழாது. 2004-ல் வந்த ஆய்வில் அடகாமா உப்பில் அந்த முத்திரை பளிச்சென்று தெரிந்தது. மழையே இல்லாததால், வானிலிருந்து துளித்துளியாக இறங்கியது லட்சக்கணக்கான வருஷம் கரையாமல் சேர்ந்திருக்கிறது.

நம்ம ஊருக்கு வருவோம்

சேலம் வட்டாரத்தில் உவர்மண்ணைக் கரைத்து உப்பும் வெடியுப்பும் காய்ச்சியவர்களை உப்பிலியர் என்பார்கள். வரி போய்விடும் என்று மண்ணுப்பு காய்ச்சுவதை ஆங்கில அரசு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒடுக்கியது. அந்த ஊர்மண் வெடியுப்பு வானத்துச் சரக்கு இல்லை. மாட்டு மூத்திரமும் சாணமும் மண்ணில் பாக்டீரியா கையில் பட்டு ஆனது.

அதே நைட்ரேட் இன்றைக்கு நம் கிணறுகளில் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். காரணம் யூரியாவா, நாமக்கல் பக்கத்துக் கோழி எருவா, வீட்டுக் கழிவா? கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவதுதான் வழக்கம். நைட்ரஜன் 15 இதற்குச் சாட்சி சொல்லும். உரம் காற்றிலிருந்து செய்தது, காற்றின் அளவையே ஒட்டி இருக்கும். கோழிப் பண்ணையில் மூக்கைத் துளைக்கிற அமோனியா லேசான நைட்ரஜனைக் கொண்டு போய்விடுவதால், எருவில் மிஞ்சுவது கனமானது. எருவையும் மனிதக் கழிவையும் பிரிக்க இது மட்டும் போதாது, போரான் மாதிரி இன்னொரு சாட்சியும் வேண்டும். உரமா கழிவா என்ற சண்டையையாவது தீர்த்துவிடலாம்.

நம் கல்லூரியில் இருந்து வெளியே போனவர்களில் குடிநீர் வாரியம், விவசாயத் துறை, ஆய்வுக்கூடம் என்று எங்கெல்லாமோ இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் பற்றிய புகார் மேசைக்கு வந்தால், பழியை யார் தலையில் போடலாம் என்று யோசிக்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். உப்புக்கு வாய் இல்லை, ஆனால் எடை இருக்கிறது.