கையறிவும் மெய்யறிவும்

திருச்சிற்றம்பலம்

தொண்டர் பெருமையைப் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்தருளிய ஊர் குன்றத்தூர். அவ்வூரின் பெயரால் அமைந்த வட்டத்திலேயே, ஒரகடத்திற்கு அண்மையில், வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அவ்வழியே செல்வோர் காண்பவை மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், பணிமுறை மாறும் வேளையில் இளைஞர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளுமே. ஆயினும் 2022ஆம் ஆண்டில் மத்தியத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தபோது, முக்கால் மீட்டர் அளவு ஆழத்தில் கல்லாயுதங்கள் வெளிப்பட்டன. கைக்கோடரிகளும் சுரண்டிகளும் அவற்றுள் அடங்கும். அவை பன்னீராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்றும், அவ்விடம் கருவிகள் செய்யப்பட்ட களம் என்றும் ஆய்வாளர் கருதினர். அதற்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் உரோம நாட்டுச் சாடிகளின் ஓடுகளும், மணிகளும், பொன்னணிகளும் கிடைத்தன. ஆகவே, பொருள் செய்யும் கைகள் அம்மண்ணுக்குப் புதியன அல்ல.

இச்செய்தி சமயச் சொற்பொழிவிற்கு எவ்வாறு பொருந்தும் என்று அன்பர்கள் வினவலாம். பொருந்தும் வகையைக் கூறுவோம்.

தொண்டைநாடு கற்கருவிகளுக்குப் பெயர்பெற்ற நாடு. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையன என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புதியதொரு முறை வந்துவிட்டதைத் தெரிவித்தது. அம்முறையாவது, மூலக்கல்லை முதலில் பல சிறு தட்டுகளால் பக்குவப்படுத்திக்கொண்டு, பின்னர் ஒரே அடியில் வேண்டிய வடிவச் செதிலைப் பெயர்த்தெடுப்பது.

இதில் அடங்கிய அறிவைச் சற்றே எண்ணுக. அடிக்கும் கல் எத்துணை எடை, விளிம்பில் எவ்விடத்தில் எக்கோணத்தில் அடிப்பது, கல்லின் உள்ளே பிளவு எத்திசையில் ஓடும் என்பனவற்றை அடிக்குமுன் அறிந்திருத்தல் வேண்டும். ஓரடி பிழைத்தால் கல் வீணாகும். ஏடும் எழுத்தாணியும் அன்று இல்லை. மூத்தவன் கையை இளையவன் கண்டான், தானும் அடித்தான், பிழைத்தான், மீண்டும் அடித்தான். பிழைத்த கல்லே அவனுக்கு ஆசிரியன் ஆயிற்று.

பிற்காலக் கற்றச்சர் மரபும் இத்தகையதே. கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பகுத்தறிவர். சிற்ப நூல்கள் இப்பாகுபாட்டை உரைக்கின்றன. ஆயினும் நூலைப் படித்த மாத்திரத்தில் செவி பழகிவிடுமோ? மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் அறிவித்தான். அவ்வழியில் தொடர்ந்த மாமல்லபுரத்து இரதங்களை நோக்குவார்க்கு, மரக்கட்டடத்தின் உத்திரமும் கூரைவடிவும் கல்லில் தோன்றக் காணலாம். மரவேலையின் நினைவைக் கல் சுமந்து நிற்கிறது. அங்கு முற்றுப்பெறாது நின்ற பாறைகளில், கல்லின் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையே பள்ளம் வெட்டி, கட்டங்களை உடைத்தெடுத்த சுவடு இன்றும் உள்ளது. முடிந்த சிற்பம் அழகைக் காட்டும். முடியாத சிற்பமோ அதைச் செய்தவன் சிந்தித்த நெறியைக் காட்டும்.

இனி, நம் பிழை ஒன்றை உரைப்போம். நாம் நெடுங்காலம் மேடைகளில் பூசலார் நாயனார் வரலாற்றைச் சொல்லி வந்தோம். காஞ்சியில் காடவர்கோன் கற்றளி எடுத்தான்; திருநின்றவூரில் பொருளற்ற அந்தணர் மனத்திலே கோயில் எடுத்தார்; இறைவன் மன்னன் கனவில் தோன்றி, குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்து, மனக்கோயிலுக்கே முதலில் எழுந்தருளினான். "ஆதலின் கைத்தொழில் தாழ்ந்தது, கருத்தே உயர்ந்தது" என்று முடித்துவிடுவது நம் வழக்கம்.

ஒரு திருவிழாவில் சொற்பொழிவு முடிந்தபின், வயது முதிர்ந்த கற்றச்சர் ஒருவர் அருகில் வந்து, மிகப் பணிவாகக் கேட்டார்: "ஐயா, அடித்தளம் போடுகிற முறை தெரியாதவர் மனத்திலேதான் எப்படிக் கோயில் கட்டுவார்?"

நமக்கு விடை எழவில்லை. இல்லம் திரும்பிப் பெரியபுராணத்தை மீண்டும் எடுத்து ஓதினோம். அங்கே சேக்கிழார் பெருமான், பூசலார் ஒரு கணத்தில் கோயிலை நினைத்து முடித்தார் என்று சொல்லவில்லை. பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார், தச்சரைத் திரட்டினார், நல்ல நாள் நோக்கி அடிநிலை இட்டார், உபானம் முதல் சிகரம் வரை அளவு தவறாது படைபடையாக உயர்த்தினார், தூபி நட்டார், சுதை பூசினார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார், இரவும் உறங்கவில்லை என்றே சொல்லுகிறார். தொழிலின் ஒழுங்கை ஒரு படியும் தாண்டாமல் நாயனார் மனத்தில் நடத்தினார். அமைச்சராக விளங்கித் தம் ஊரில் திருநாகேச்சரம் எடுப்பித்த சேக்கிழார், கோயில் எழும் முறையை அறிந்தே பாடினார். கையறிவை இகழ அல்ல, அது முதிர்ந்தால் மனத்திலும் திருக்கோயிலாய் நிற்கும் என்று காட்டவே அவ்வரலாறு அமைந்தது என்பதை நாம் அறுபது வயது கடந்தே உணர்ந்தோம்; உணர்த்தியவர் ஒரு தொழிலாளர்.

நம் சமயமும் சரியையை முதலில் வைத்து, கிரியை, யோகம், ஞானம் என்று ஏற்றுகிறது. திருவலகிடுதலும், மெழுகுதலும், மாலை தொடுத்தலும் கை செய்பவை. அவற்றால் பழகுவது உள்ளம். ஞானத்தின் சொல்லுக்கு அரசரான அப்பர் பெருமான் தம் திருக்கையில் இறுதிவரை ஏந்தியது உழவாரப்படை அன்றோ?

ஒரகடத்துச் சாலையில் செல்லும் அப்பேருந்துகளில் நம் பிள்ளைகளும் இருக்கின்றனர். இயந்திரத்தின் ஓசை சற்றே மாறினும் அளவுகருவி காட்டுமுன் உணரும் செவி அவர்களில் அனுபவம் முதிர்ந்தோர்க்கு உண்டு. கற்றச்சன் கல்லைத் தட்டிக் கேட்ட செவியே அது. ஆனால் வீடுகளில் நாம் கூறுவது என்ன? "படிக்காவிட்டால் கைவேலைக்குத்தான் போவாய்" என்று குழந்தையை அச்சுறுத்துகிறோம். திருமேனியைச் சமைத்த கையை இழித்துவிட்டு, அத்திருமேனியை மட்டும் வணங்குவது முறையாகுமோ? இவ்விழிவுரை கேட்டு வளரும் சிற்பியின் மகன் உளியை விட்டுவிடுவான். ஒரு தலைமுறை விட்டால், அக்கையறிவை எந்த நூலிலிருந்து மீட்போம்? நூல் எஞ்சும், செவியும் கையும் எஞ்சா.

ஆதலின் அன்பர்களே, அடுத்த உழவாரப் பணிக்கு வரும்போது குழந்தைகளை உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள். தொடுத்த மாலை கோணலாயின் வைதுவிடாமல் மீண்டும் தொடுக்கச் சொல்லுங்கள். வடக்குப்பட்டின் முதல் தச்சனும் அவ்வாறு பிழைத்தே கற்றான். அந்தப் பொறுமையிலிருந்தே கற்றளிகளும் எழுந்தன, மனக்கோயிலும் எழுந்தது.

திருச்சிற்றம்பலம்