மழை மேப்பில் உங்க ஊர் என்ன கலர்? அந்த நிறம் எங்கிருந்து வருது தெரியுமா?

2023 டிசம்பர் 18, காலை 8.30 மணி. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்திலும் மூலைக்கரைப்பட்டியிலும் 62, மாஞ்சோலையில் 55, கோவில்பட்டியில் 53.

இப்படி எண்களாகப் படித்தால் சட்டென்று பிடிபடாது. அதையே மேப்பில் கலர் கலராகப் போட்டால், 'நம்ம ஊருக்கு எவ்வளவு பக்கத்துல கொட்டியிருக்கு' என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனா அந்தக் கலர் முழுக்க அளந்து பார்த்ததா? இல்லை. பாதிக்கு மேல் கணக்குப் போட்டு நிரப்பியதுதான். எப்படி என்று பார்க்கலாம்.

எதில் வரைகிறார்கள்?

இந்த வேலைக்கு ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களில் புள்ளியியலுக்காக உருவாக்கியது. பைசா செலவில்லை. லேப்டாப் இருந்தால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மேப் எல்லைகளைக் கையாள 'எஸ்எஃப்', கட்டம் கட்டமான வானிலைத் தரவைக் கையாள 'டெர்ரா', படம் வரைய 'ஜிஜிபிளாட்2' என்று தனித்தனி தொகுப்புகள் இருக்கின்றன.

அடிப்படை ரொம்ப எளிது. கீழே மாவட்ட எல்லைகள், மேலே மழை அளவுகள். கண்ணாடித் தாள் மேல் இன்னொரு கண்ணாடித் தாளை வைப்பது மாதிரி. இரண்டும் சரியாகப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காயல்பட்டினம் ஆர்க்டிக்கில் போய் விழுந்தால்?

ஒவ்வொரு மழைமானிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. காயல்பட்டினத்துக்கு சுமார் 8.57, 78.12. 'ஆர்' எதிர்பார்ப்பது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. மாற்றிக் கொடுத்தால், நம்ம காயல்பட்டினம் வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும்! புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை.

கண்ணுக்குத் தெரியாத தப்புதான் ஆபத்து. உதாரணம், தேதி. இந்திய வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு 'நாள்' என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, முடியும் நாளின் தேதியில்தான் பதிவாகும். அதனால்தான் 17-ந்தேதி பகலும் இரவும் பெய்த மழை 18-ந்தேதி கணக்கில் இருக்கிறது. செயற்கைக்கோள் தரவுகள் பெரும்பாலும் சர்வதேச நேரப்படி, அதாவது நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்கும் நாளாக வரும். 'அதே தேதிதானே' என்று இரண்டையும் ஒரே மேப்பில் போட்டால், இரண்டு வேறு நாட்களின் மழையை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். மேப் அழகாகத்தான் இருக்கும்.

எல்லைக் கோப்பிலும் கவனம் தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காலத்து மேப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள்தான். இப்போது 38. பழைய கோப்பை எடுத்தால் தென்காசி மாவட்டமே இருக்காது, அந்த மழை திருநெல்வேலி கணக்கில் சேர்ந்துவிடும்.

மானி இல்லாத ஊருக்கு யார் கலர் கொடுத்தது?

மழைமானி எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் மேப் வெறிச்சென்று இருக்கும். அதனால் இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். பரவலான ஒரு முறை: பக்கத்து மானிகளின் அளவுகளைச் சராசரி எடுப்பது. கிட்ட இருக்கும் மானிக்கு அதிக மதிப்பு, தூரத்தில் இருப்பதற்குக் குறைந்த மதிப்பு.

இதில் ஒரு விஷயம் யோசிக்கணும். சராசரி எப்போதும் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தாண்டாது. காயல்பட்டினத்தில் மட்டும் அன்று மானி இல்லாமல் இருந்திருந்தால்? அந்த மேப்பில் உச்சமே திருச்செந்தூரின் 69 செ.மீ. ஆகியிருக்கும். 95 பெய்த இடத்துக்கு 69-ஐ ஒட்டிய ஏதோ ஒரு நிறம் கிடைத்திருக்கும். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

இன்னொன்று, இந்தக் கணக்குக்கு மலை தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு எஸ்டேட்டில் பெய்த மழையை, தூரத்தை மட்டும் பார்த்து அடிவார ஊருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும்.

ஆய்வு மையம் வெளியிடும் கட்டத் தரவில் ஒரு கட்டம் கால் டிகிரி. நம்ம பக்கத்தில் பக்கத்துக்கு சுமார் 27 கிலோமீட்டர், பரப்பு 750 சதுர கிலோமீட்டருக்கு மேல். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். பல வருஷப் போக்கைப் பார்க்க இது அருமையான தரவு. 'எங்க தெருவுல எவ்வளவு பெய்தது' என்று கேட்டால் பதில் கிடைக்காது.

சிவப்பு என்றால் மழையா, மழை இல்லையா?

இதுதான் அதிகம் பேர் குழம்பும் இடம். எச்சரிக்கை மேப்பில் சிவப்பு என்றால் ரெட் அலர்ட், அதிகனமழை வரலாம். அது முன்கணிப்பு, பெய்த மழை இல்லை. ஆனால் அதே ஆய்வு மையம் பருவமழை நிலவரத்துக்காக வெளியிடும் மேப்பில் சிவப்பு என்றால் வழக்கத்தைவிட மழை குறைவு என்று அர்த்தம், நீலம்தான் அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் குரூப்பில் சுற்றினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

அளவுகோலின் உச்சியையும் பாருங்க. 20.4 செ.மீ.-க்கு மேல் போனால் அதிகனமழை என்று ஒரே பிரிவு. அந்தப் பிரிவுகளை அப்படியே நிறமாக்கினால், 21 செ.மீ. பெய்த ஊரும் 95 செ.மீ. பெய்த காயல்பட்டினமும் ஒரே கலர்தான். சரி, 0 முதல் 100 வரை ஒரே சீராக நிறம் கொடுத்தால்? அப்போது 10 செ.மீ. பெய்த ஊர் வெளிறிப்போய், மழையே இல்லாத மாதிரி தெரியும். அங்கேயும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வரைபவர் எடுக்கும் முடிவு, 'ஆர்' எடுப்பதில்லை.

எந்த நாள், எத்தனை மணி நேரம், உச்ச நிறம் எத்தனை செ.மீ. என்பதெல்லாம் பொதுவாக மேப்பின் ஓரத்தில்தான் சின்ன எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு ஆகும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த ஓரம்தான்.